பிங்க் ஃபிளாய்டு பழைய எல்பி இசைத்தட்டு யார் வீட்டில் இருக்கு?

வணக்கம் நண்பர்களே. பிங்க் ஃபிளாய்டுங்கிற இங்கிலாந்து ராக் குழுவோட ஆல்பங்களில் பாடின, வாசித்த வெளிக் கலைஞர்களைப் பற்றி வியாசர்பாடியில் எங்க தெருப் பசங்ககிட்ட ஒரு சாயங்காலம் பேசப் போறேன்.

1973 ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ல ‘மணி’ பாட்டுக்கு சாக்ஸபோன் டிக் பாரி. 1975 ‘விஷ் யூ வேர் ஹியர்’ல ‘ஷைன் ஆன்’ பாட்டிலும் அவரேதான். 1979 ‘தி வால்’ல ‘மதர்’ பாட்டுக்கு ட்ரம்ஸ் ஜெஃப் போர்க்காரோ. ஆனா என் மனசு நிக்கிறது கிளேர் டோரிகிட்ட. 1973 ஆல்பத்துல வர்ற ‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’யில் வார்த்தையே இல்லாம கதறுற குரல் அவருடையது. கூலி 30 பவுண்டு. பாட்டை உருவாக்கினதில் தனக்கும் பங்குண்டுன்னு 2004ல வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் சமரசம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் பாட்டை உருவாக்கினவங்கன்னு, குழுவோட கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பேரோட அவர் பேரும் சேர்ந்தது. கானா கச்சேரியில் டோலக் அடிக்கிறவங்க கூடவே வளர்ந்த பசங்களுக்கு இது சட்டுனு புரியும்.

பெரம்பூர், ராயபுரம் பக்கம் இந்த மூணு ஆல்பத்தோட பழைய எல்பி வெச்சிருக்கிறவங்க, அட்டையையும் உள்ளுறையையும் எழுத்து தெரியுற மாதிரி போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பாரி, டோரி பெயர்களைப் பசங்களுக்கு அதிலேயே காட்டணும்; ‘தி வால்’ பழைய எல்பியில் போர்க்காரோ பெயர் போடலைங்கிறதையும் காட்டணும். நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கவும் தயார். டெனர் சாக்ஸ் வாசிக்கிறவங்க யாராவது அன்னைக்கு வந்து பாரியோட பகுதியை வாசிச்சுக் காட்டினா பெரிய உதவி.