டாகா வைத்திருப்பவர் போராட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆவணமின்றி வளர்ந்த கல்லூரி மாணவி நான், டாகா (சிறுவயதில் வந்து ஆவணமின்றி வாழ்பவர்களை நாடுகடத்துவதைத் தள்ளிவைத்து, வேலை அனுமதியும் தரும் திட்டம்) இருக்கிறது. குடியேற்ற இளைஞர்களுக்காகப் போராடினால் புதுப்பிப்பு கெடுமா?

பதில் 1: மேடைப் பேச்சு வேறு, மறியல் வேறுங்க. கைதானால் கைரேகை பதிவாகும். வழக்கு தள்ளுபடியானாலும் டாகா விண்ணப்பமான ஐ-821டி படிவம் கைதைப் பற்றிக் கேட்கும், மறைக்கக் கூடாது. நீதிமன்ற முடிவின் சான்றிட்ட நகலை இணைக்கணும். மறியலுக்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பார்ப்பது நல்லது. நோட்டரி போர்டு மாட்டியவர் வக்கீல் இல்லை!

பதில் 2: தேதியையும் கவனியுங்க. டாகா காலாவதியாவதற்கு 150 முதல் 120 நாளுக்கு முன் ஐ-821டி, ஐ-765 (வேலை அனுமதி விண்ணப்பம்), ஐ-765டபிள்யூஎஸ் (அதோடு வைக்கும் விவரத்தாள்) மூன்றையும் சேர்த்தே அனுப்பணும். பழைய பதிப்புப் படிவம்னா திரும்பி வந்துடும். தாமதமானா வேலை அனுமதி அறுந்துபோகும்.

பதில் 3: முன் அனுமதி வாங்காம நாட்டைவிட்டு வெளியே போனால் டாகாவே போச்சு. மாநாட்டு அழைப்பு வந்தாலும்தான்.