புதிய ஆய்வுகளின் சாதனை எண்களை எப்படி எடைபோடுவது?

கேள்வி: முதுநிலை_மாணவர்

வணக்கம். பொருளறிவியலில் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு, சூரிய மின்கலம், பேட்டரி, சிமென்ட், இயந்திரக் கற்றல் எனப் பல துறைகளில் அண்மையில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளின் சுருக்கத்திலும் ஒரு சாதனை எண் இருக்கிறது. அதைப் பார்த்தால் அந்தத் துறையின் பெரிய சிக்கல் தீர்ந்துவிட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் பத்தாண்டுகளுக்கு முந்தைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் இதே தொனிதான். அவற்றில் பேசப்பட்ட பொருள்களில் பெரும்பாலானவை இன்றுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை.

கட்டுரையாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை, அளந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருக்க, வாசிக்கும் நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்? உங்கள் துறையில் ஒரு கட்டுரை வந்தால் முதலில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள்? பொதுவான அறிவுரையைவிட, ஓரிரு எடுத்துக்காட்டுகளோடு விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: ஒளிமின்_ஆய்வர்

நான் பெரோவ்ஸ்கைட் என்னும் ஒளியை உறிஞ்சும் படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலங்களில் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான துறை இருக்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2009 இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு இந்தப் பொருளைக் கொண்டு முதல் மின்கலத்தைச் செய்தபோது அதன் செயல்திறன் 3.8 விழுக்காடு. அதில் இருந்த திரவ மின்பகுளியே பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டதால் அது வெகுநேரம் தாங்கவில்லை. 2012 இல் திண்ம நிலைக் கடத்திகளைப் பயன்படுத்தியவுடன் செயல்திறன் 10 விழுக்காட்டை எட்டியது. இன்று ஒற்றை அடுக்கு மின்கலம் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டை மின்கலத்தில், 2025 இல் லாங்கி நிறுவனம் 34.85 விழுக்காடு என்னும் சான்றளிக்கப்பட்ட அளவை அறிவித்தது. சிலிக்கான் மட்டும் இருந்தால் கோட்பாட்டளவில்கூட 29.4 விழுக்காட்டுக்கு மேல் போக இயலாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது உண்மையிலேயே பெரிய எண்.

ஆனால் நான் செயல்திறனைப் பார்ப்பதற்கு முன் பரப்பளவைப் பார்ப்பேன். மேலே சொன்ன சாதனை ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் அளவிலான மின்கலத்தில் பெறப்பட்டது. ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் 2023 இல் வணிக அளவிலான முழு மின்கலத்தில் எட்டியது 28.6 விழுக்காடு. அதே நிறுவனம் 2024 இல் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பலகைகளின் செயல்திறன் 24.5 விழுக்காடு. இந்த மூன்று எண்களும் உண்மையானவை. பரப்பு பெருகும்போது ஒளி ஊடுருவும் கடத்தி அடுக்கின் மின்தடை இழப்பு பெருகுகிறது, மெல்லிய படலத்தில் ஊசித்துளைகள் விழும் வாய்ப்பு கூடுகிறது, மின்கலங்களை இணைக்கும் இடங்களில் ஒளியை மின்னாக்காத பரப்பு சேர்ந்துகொள்கிறது. ஆய்வகத்தில் தட்டைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் முறை சிறு பரப்புக்கு அருமையாக வேலை செய்யும். சதுர மீட்டர் கணக்கில் அது உதவாது. ஆகவே, செய்முறைப் பகுதியில் படலம் எப்படிப் பரப்பப்பட்டது என்ற ஒரு வரி, சுருக்கத்தில் உள்ள எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

அடுத்தது காலம். "1,000 மணி நேரத்துக்குப் பிறகும் 95 விழுக்காடு செயல்திறன் நீடித்தது" என்பது போன்ற வாக்கியங்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். 1,000 மணி நேரம் என்பது 42 நாள்களுக்கும் குறைவு. கூரையில் வைக்கும் சிலிக்கான் பலகையிடமோ 25 ஆண்டுகள் எதிர்பார்க்கப்படுகின்றன. அந்த 1,000 மணி நேரம் எந்தச் சூழலில் கழிந்தது என்பதே முக்கியம். நைட்ரஜன் நிரப்பிய பெட்டியில், அறை வெப்பநிலையில், ஒளி மட்டும் பட்டுக்கொண்டிருந்தால் அது எளிய தேர்வு. 85 பாகை செல்சியஸ், 85 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையில் 1,000 மணி நேரம் வைப்பது சிலிக்கான் பலகைகள் பல ஆண்டுகளாகத் தேறிவரும் சோதனை. வெப்பமும் ஒளியும் ஒருசேரப் படும்போதுதான் பெரோவ்ஸ்கைட்டுக்குள் இருக்கும் அயனிகள் இடம்பெயரத் தொடங்குகின்றன. அதோடு, பகலில் நேர்ந்த இழப்பின் ஒரு பகுதி இரவில் மீள்வதும், சில வகைகளில் பகல்–இரவு மாற்றமே சிதைவை விரைவுபடுத்துவதும் உண்டு. தொடர் ஒளியில் செய்த சோதனையிலிருந்து வெளிப்புற ஆயுளைக் கணிப்பது ஆகவே கடினம். எந்தச் சோதனையை எந்த நிபந்தனையில் செய்தோம் என்று எல்லோரும் ஒரே முறையில் பதிவுசெய்வதற்காக 2020 இல் இத்துறையினர் கூடி ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டனர். அதைப் பின்பற்றிய கட்டுரைக்கு என் மதிப்பீட்டில் எப்போதும் முன்னுரிமை உண்டு.

கடைசியாக, ஆகச் சிறந்த ஒரு மின்கலத்தின் அளவு மட்டும் தரப்பட்டிருக்கிறதா, ஒரே முறையில் செய்த பல மின்கலங்களின் பரவல் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பரவல் குறுகலாக இருந்தால், சாதனை எண் இரண்டு விழுக்காடு குறைவாக இருந்தாலும் அந்தக் கட்டுரையைத்தான் நான் முதலில் வாசிப்பேன்.

பதில்: மின்வேதியியல்_அன்பர்

மேலே உள்ள பதிலோடு முழுதும் உடன்படுகிறேன். பேட்டரித் துறையில் இருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்: சுருக்கத்தில் உள்ள எண்ணை எதனால் வகுத்துப் பெற்றார்கள் என்று கேளுங்கள்.

ஒரு கிலோகிராமுக்கு இத்தனை வாட்-மணி என்று எழுதியிருந்தால், அந்தக் கிலோகிராமில் எவையெல்லாம் அடங்கும்? மின்முனையில் வினைபுரியும் பொருளின் எடையை மட்டும் எடுத்துக்கொண்டால் எண் மிகப் பெரிதாகத் தெரியும். செம்பு, அலுமினியத் தகடுகள், மின்பகுளி, பிரிப்பான், உறை ஆகிய அனைத்தையும் சேர்த்தால் அது பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். லித்தியம்–கந்தக வேதியியலின் கோட்பாட்டு மதிப்பு ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 2,500 வாட்-மணி. இன்று விற்பனையில் உள்ள நல்ல லித்தியம் அயனி மின்கலங்கள் 250 முதல் 300 வரை தருகின்றன. முதலாவது வினைப்பொருளுக்கு உரியது, இரண்டாவது முழு மின்கலத்துக்கு உரியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பத்து மடங்கு முன்னேற்றம் என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இன்னொரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். லித்தியம் உலோக எதிர்மின்முனையைப் பற்றிய கட்டுரைகளில் கூலோம் திறன் 99 விழுக்காடு என்று பெருமையோடு குறிப்பிடுவார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு விழுக்காடு லித்தியம் திரும்பி வரவில்லை என்பது இதன் பொருள். 0.99 ஐ நூறு முறை பெருக்கினால் 0.37 தான் மிஞ்சும், 99.9 விழுக்காடாக இருந்தாலும் ஆயிரம் சுழற்சிகளுக்குப் பின் அதே 0.37. இவ்வளவு இழந்தும் கட்டுரையில் உள்ள மின்கலம் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஓடுவது எப்படி? நாணய வடிவச் சோதனை மின்கலத்தில், தேவையைவிடப் பல மடங்கு தடித்த லித்தியத் தகட்டை வைத்திருப்பார்கள்; இழப்பை அந்தக் கையிருப்பு ஈடுசெய்துகொண்டே வரும். மின்பகுளியும் அப்படியே தாராளமாக ஊற்றப்பட்டிருக்கும். ஒரு ஆம்பியர்-மணிக்குச் சுமார் மூன்று கிராம் மின்பகுளி என்ற கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகும் அதே ஆயுள் கிடைக்கிறதா என்பதே உண்மையான தேர்வு. இந்த விவரங்கள் பெரும்பாலும் கட்டுரையோடு இணைத்து வெளியிடும் துணைக்கோப்பில்தான் இருக்கும். நான் முதலில் திறப்பதும் அதைத்தான்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2021 இல் சீனாவின் சி.ஏ.டி.எல். பேட்டரி நிறுவனம் அறிவித்த முதல் தலைமுறைச் சோடியம் அயனி மின்கலத்தின் ஆற்றல் அடர்த்தி ஒரு கிலோகிராமுக்கு 160 வாட்-மணி. யாரையும் வியக்க வைக்காத எண் அது. ஆனால் முழு மின்கலத்தின் எடையைக் கொண்டு சொல்லப்பட்டது. எளிதில் கிடைக்கும் தனிமத்தை நம்பியது. ஏற்கெனவே இருக்கும் உற்பத்தி இயந்திரங்களில் செய்யக்கூடியது.

முதுநிலை_மாணவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துணைக்கோப்புகளை இதுவரை நான் திறந்ததே இல்லை. இனி அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரு துணைக்கேள்வி: 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு ஆய்வகத்தில் அணுக்கரு இணைவில் செலுத்தியதைவிட அதிக ஆற்றல் கிடைத்தது என்று அறிவித்தார்கள். அதையும் "எதனால் வகுத்தார்கள்" என்று கேட்க வேண்டுமா? இயந்திரக் கற்றல் கட்டுரைகளில் வரும் 99 விழுக்காடு துல்லியத்துக்கும் இது பொருந்துமா?

பதில்: கணிப்புப்_பொறியாளர்

இணைவைப் பற்றி: ஆம், கேட்க வேண்டும். எரிபொருள் வைத்த இலக்குக்கு வந்துசேர்ந்த லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15 மெகாஜூல், ஆகவே ஒன்றரை மடங்கு. அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். அதனால் வகுத்தால் ஒரு விழுக்காடு. எனினும் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எரிபொருள் தன் சொந்த வெப்பத்தால் எரியுமா என்பதே அங்கே விடை தேடிய இயற்பியல் கேள்வி. அதற்கு இலக்கை எல்லையாகக் கொள்வது சரியானது. மின்நிலையம் என்ற பொறியியல் கேள்விக்கு எல்லை வேறு. அங்கே நொடிக்குப் பத்து முறை போலப் பற்றவைக்க வேண்டியிருக்கும்.

என் துறைக்கு வருகிறேன். இங்கே பார்க்க வேண்டியது சோதனைத் தரவு எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதை. சுழலும் இயந்திரங்களின் பேரிங் பழுதுகளை அதிர்வுக் குறிகையிலிருந்து கண்டறியும் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பல, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரே தரவுத்தொகுப்பைப் பயன்படுத்தி 99 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் காட்டுகின்றன. ஒரே பேரிங்கிலிருந்து பதிவான நீண்ட குறிகையைச் சிறு துண்டுகளாக வெட்டி, குலுக்கல் முறையில் சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் அனுப்பிவிட்டால், கணினி மாதிரி பழுதைக் கற்கிறதா, அந்தக் குறிப்பிட்ட பேரிங்கின் தனித்தன்மையை மனப்பாடம் செய்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு பேரிங்கில் பயிற்றுவித்து, மாதிரி இதுவரை பார்த்தே இராத வேறொரு பேரிங்கில் சோதித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இந்தத் தரவுக் கசிவு ஒரு துறையோடு நிற்பதில்லை. கபூர், நாராயணன் ஆகியோர் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, 17 துறைகளைச் சேர்ந்த 294 கட்டுரைகள் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதைத் தொகுத்துக் காட்டியது.

பொருளறிவியல் மாணவர் என்பதால் இதையும் வாசியுங்கள். 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் குழு, கணிப்பு வழியாக 22 லட்சம் புதிய படிகங்களை முன்வைத்து, அவற்றுள் 3,80,000 மிக நிலையானவை என்றது. அதே நேரத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், தானியங்கி ஆய்வுக்கூடம் ஒன்று 17 நாள்களில் 58 இலக்குகளில் 41 சேர்மங்களை உருவாக்கியதாக அறிவித்தது. பின்னர் வேதியியலாளர்கள் சிலர் அந்த எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, புதியவை எனப்பட்ட பலவும் அணு அடுக்கில் ஒழுங்கற்ற, ஏற்கெனவே அறிந்த சேர்மங்களாக இருக்கக்கூடும் என்று வாதிட்டனர். தரவு முழுவதும் வெளியிடப்பட்டிருந்ததால்தான் இந்த மறுஆய்வே சாத்தியமாயிற்று. அதற்காக அந்தக் குழுவைப் பாராட்டுகிறேன்.

பதில்: சிமென்ட்_வேதியியல்

என் துறையிலிருந்து சுருக்கமாக. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சிமென்ட்டின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு. அதில் பெரும்பகுதி எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல் சூளையில் சிதையும்போதே வெளிவருவது. ஆகவே சூளையை மின்மயமாக்கினால் மட்டும் சிக்கல் தீராது.

2023 தொடக்கத்தில் எம்.ஐ.டி. குழு, பண்டைய ரோமானியக் காரையில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் விரிசலைத் தாமே அடைக்கின்றன என்று காட்டியது. அழகான ஆய்வு அது. ஆனால் ரோமானியர்கள் காரைக்குள் எஃகுக் கம்பி வைக்கவில்லை. இன்றைய கட்டுமானம் அதன்மேல் நிற்கிறது. கம்பி துருப்பிடிக்காமல் இருக்கக் காரையின் காரத்தன்மை உயர்வாக நீடிக்க வேண்டும். அதைச் சோதிக்காத வரை, எந்தப் புதிய கலவையின் வலிமை எண்ணையும் நான் பாதி விடையாகவே எடுத்துக்கொள்வேன்.

எனக்கு நம்பிக்கை தரும் முயற்சி அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று: கிளிங்கரில் (சூளையில் சுட்டெடுக்கும், சிமென்ட்டின் அடிப்படைப் பொருள்) பாதியைச் சுட்ட களிமண்ணாலும் அரைத்த சுண்ணாம்புக்கல்லாலும் ஈடுசெய்யும் எல்.சி.3 சிமென்ட். கிளிங்கருக்குச் சுமார் 1,450 பாகை வேண்டும். களிமண்ணுக்கு 800 பாகைக்கு அருகில் போதும், சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டியதே இல்லை. வெளியீடு 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது. கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடின் ஊடுருவலை இது நன்றாகத் தடுக்கிறது; காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து காரத்தன்மையைக் குறைப்பதில் மட்டும் வழக்கமான சிமென்ட்டைவிடப் பின்தங்குகிறது. அடர்வூட்டிய வாயுவில் சில வாரங்கள் செய்யும் விரைவுச் சோதனை, திறந்தவெளியில் பல ஆண்டுகள் நிகழ்வதை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதில் இன்னும் வேலை இருக்கிறது. நீங்கள் தலைப்புத் தேடுவதால் சொல்கிறேன்: சுருக்கத்தில் போடுவதற்குப் பெரிய எண் எதுவும் இதில் கிடைக்காது, ஆனால் தரநிலைகளை எழுதுவோர் காத்திருக்கும் விடை இது. விருப்பமிருந்தால் எழுதுங்கள், எந்தச் சோதனையிலிருந்து தொடங்கலாம் என்று பேசுவோம்.