விபத்து வழக்கு: தம்பிக்கு வக்கீல் வைக்க வழி சொல்லுங்கள்

திருமங்கலம் அக்கா:
தம்பி டாடா ஏஸ் ஓட்டுகிறான். விடியற்காலையில் காய்கறி லோடு ஏற்றி வரும்போது, குறுக்கே வந்த சைக்கிள்காரர் மேல் மோதி, அவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். 108-க்குப் போன் செய்து கூடவே நின்றவன் தம்பிதான். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம்) 106(1)-ல், அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்குப் போட்டு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கோர்ட் வாசலில் ஒருவர், "வக்கீல் எதற்கு? ஒப்புக்கொண்டால் ஃபைனோடு முடிந்துவிடும்" என்று சொல்லிப் பணம் கேட்கிறார். லைசென்ஸில் வாடகை வண்டி ஓட்டப் போடும் பேட்ஜ் இல்லாததால் இன்சூரன்ஸும் கிடைக்காதாம். ஃபீஸ் கொடுக்க எங்களிடம் வசதி இல்லை.

வக்கீல் குமாஸ்தா:
அக்கா, அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 304-ஏ காலத்துக் கதை. அதில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது வெறும் அபராதம் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துக்கு 106(1)தான். ஐந்து ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும். "அல்லது அபராதம்" என்பதே அதில் இல்லை. ஒப்புக்கொண்டால் தண்டனை நிச்சயம். அந்தத் தீர்ப்பு நகலை நஷ்டஈட்டு வழக்கிலும் தம்பிக்கு எதிராகக் காட்டுவார்கள்.

வசதி இல்லை என்று மலைக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வருமானச் சான்றிதழ், ஆதார், எஃப்.ஐ.ஆர். நகலோடு தம்பியை மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். வருமானம் வரம்புக்குள் இருந்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள், ஃபீஸ் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க, சட்ட உதவி போன் எண் 15100.

லோடு வண்டிக்காரன்:
பேட்ஜ் விஷயத்தில் பயப்படாதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. டாடா ஏஸ் அதற்குள்தான் வரும். விபத்துத் தகவலை ஓனர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

திருமங்கலம் அக்கா:
ரொம்ப நன்றி. இலவச வக்கீல் என்றால் அக்கறையாகப் பார்ப்பாரா?

வக்கீல் குமாஸ்தா:
நல்லபடியாக நடத்துபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் கேஸ் கட்டை அவர் கையில் முழுசாகக் கொடுப்பது உங்கள் வேலை. சார்ஜ் ஷீட் நகலோடு பார்வை மகஜரும் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் வரும். சைக்கிள் எந்தப் பக்கமிருந்து வந்தது, வண்டி எங்கே நின்றது என்று அதில் போட்டிருப்பது சரியா? தம்பியை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பிரேக் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். 108-க்குப் பேசிய கால் பதிவு போனில் இருந்தால் அழித்துவிட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சம்மன் வந்தால் வாய்தாவைத் தவறவிடக் கூடாது, பிடிவாரண்ட் போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள் அக்கா.