பிளாக் டைம்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

காரைக்குடி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். சுற்றுலாவியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திருச்சி–சிங்கப்பூர் பெருவட்டத் தொலைவு, அதாவது பூமியின் மேல் மிகக் குறுகிய வழி, ஏறக்குறைய 3,000 கி.மீ. ('பெருவட்டம்' பாடநூலிலேயே இருக்கிறது, அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.) மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் மூன்றரை மணி. விமான அட்டவணையோ 4 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. விமானம் இங்கே நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்பது வரை கணக்கு. அந்த பிளாக் டைமுக்குத்தான் சொல் வேண்டும். இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழிக்காமல் '6.30 மணிப் பயணம்' என்று எழுதும் பிள்ளைகள் தனிக்கதை.

தேவகோட்டைத் தமிழாசிரியர் (ஓய்வு):
'செலவு நேரம்'. செலவு என்றாலே பயணம்தானே அம்மா! தொல்காப்பியர் கற்பியலில் 'செலவிடை அழுங்கல்' என்கிறார், புறப்படும் வேளையில் தயங்கித் தங்குவது. தலைவன் பயணத்தைக் கைவிடவில்லை, தலைவியைத் தேற்றத்தான் தங்குகிறான். விமானத் தாமதத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? செல், செலவு, செல்வம்... விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்:
ஐயா, நம் பக்கம் 'செலவு' என்று எழுதினால் வரவு எங்கே என்பார்கள். ஐயாக்கள் (தாத்தாமார்) நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய காலத்திலும் செலவு ஐந்தொகையில்தான், அதாவது வரவு செலவுக் கணக்கில்தான் இருந்தது.

திருச்சி, விமானத் தரைப்பணி:
நாங்க 'சாக்ஸ் ஆஃப், சாக்ஸ் ஆன்'னுதான் சொல்வோம். காலுறை இல்லீங்க, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிற கட்டை. அதை எடுத்ததும் கணக்கு ஆரம்பம், அங்க வச்சதும் முடிவு. பேசாம 'கட்டை நேரம்'னு வைங்க. இன்னொண்ணு, தொலைவு மாறாட்டாலும் நேரம் மாறும். சென்னையிலிருந்து லண்டன் போகையில மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுறது) எதிர்த்து அடிக்கும், வரும்போது தள்ளிவிடும்.

தேவகோட்டை:
மேல்காற்றுக்குப் பெயர் கோடை. கிழக்கே கொண்டல், வடக்கே வாடை, தெற்கே தென்றல். வானில் வெகு உயரத்தில் மேற்கிலிருந்து விரையும் ஜெட் ஸ்ட்ரீமுக்கு 'உயர்கோடை' என்று இப்போதே பதிந்துவைக்கிறேன்.

காரைக்குடி:
மாணவர்கள் அக்கினி நட்சத்திரம் என்று நினைப்பார்கள் ஐயா. 'கட்டை நேரம்' சுடுகாட்டை ஞாபகப்படுத்துகிறது. பிளாக் டைம்?

சிங்கப்பூர்:
தேருக்குப் போடுவதும் முட்டுக்கட்டைதானே. குன்றக்குடியில் தேர் நிலையை விட்டுக் கிளம்பி நிலைக்கு வந்து சேர்வதைத்தான் தேரோட்டம் என்கிறோம். நடுவில் எத்தனை முறை நின்றாலும் அது ஓட்டத்தில் சேர்த்தி. ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அப்படித்தான். 'நிலைநேரம்' என்றால்?

தேவகோட்டை:
நிலை என்றால் நிற்றல். ஓடுவதற்கு நிற்பதன் பெயரா? தேர் புறப்பட்ட நிலைக்கே திரும்பும், விமானம் திரும்பாதே.

திருச்சி:
சில நாள் திரும்பும் சார். ஓடுபாதை வரைக்கும் போயிட்டு, கோளாறுன்னு வந்து நிக்கும்.

காரைக்குடி:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'நிலைநேரம்' என்று கொடுத்துவிட்டேன், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பிளாக் டைம். தரையை விட்டு எழுந்தது முதல் தரை தொடும் வரையான ஏர் டைமுக்குப் 'பறப்பு நேரம்'.

தேவகோட்டை:
அடைப்புக்குறி என்கிற ஊன்றுகோல் இல்லாமல் அது நடக்காது. என் வாக்கு செலவுக்கே, பதிவு செய்யவும். 'பறப்பு' பற்றித் தனி இழையில் வருகிறேன்.