அறுவடை முடிந்தபின் போஸ்ட்கிரஸ் வழங்கியின் வட்டு நிறைகிறது. டெபீசியம் இணைப்பியோ இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது

கேள்வி (களுவாஞ்சிகுடி)

வணக்கம். நெற்கொள்வனவு செய்யும் கூட்டுறவு அமைப்பொன்றின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். கொள்வனவு நிலையங்களில் பதியப்படும் எடை, ஈரப்பதன், விவசாயிக்குச் செலுத்திய தொகை அனைத்தும் உபுண்டு 22.04 நிறுவப்பட்ட வழங்கி ஒன்றில், போஸ்ட்கிரஸ் 14 என்ற தரவுத்தள மென்பொருளில் சேமிக்கப்படுகின்றன. அம்பாறையிலுள்ள அறிக்கைத் தரவுத்தளத்துக்கு மாற்றங்களை உடனுக்குடன் கொண்டுசெல்வதற்காக, அதே வழங்கியில் தரவைக் கொண்டுசெல்லும் காஃப்கா கனெக்டையும், தரவுத்தள மாற்றங்களை வாசித்து அதற்குக் கொடுக்கும் டெபீசியம் இணைப்பியையும் நிறுவியிருக்கிறோம்.

பெரும்போக அறுவடையின்போது பதிவுகள் குவிந்த மாசி, பங்குனி மாதங்களில் எந்தச் சிக்கலும் எழவில்லை. கொள்வனவு ஓய்ந்த பிறகுதான், ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் வால் (WAL) கோப்புகள் சேரும் பிஜி_வால் கோப்புறை பெருகத் தொடங்கியது. 100 ஜிபி வட்டில் 61 ஜிபியை இப்போது அதுவே பிடித்திருக்கிறது. அந்தக் கோப்புகளின் அளவுக்கான மேக்ஸ்_வால்_சைஸ் அமைப்பை 2 ஜிபி என்றே வைத்திருக்கிறோம். இணைப்பியின் நிலை "ரன்னிங்" என்று காட்டுகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. பழைய வால் கோப்புகளை அழித்துவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அழிக்கலாமா? வேலை குறைந்த காலத்தில் இது பெருகுவது ஏன்?

பதில் (சம்மாந்துறை)

வணக்கம் சகோதரி. ஒரு கோப்பைக்கூடக் கையால் அழிக்க வேண்டாம், யார் வற்புறுத்தினாலும் சரி. வழங்கி திடீரென நின்று மீண்டும் எழும்போது தரவைச் சீர்செய்ய போஸ்ட்கிரஸ் நம்பியிருப்பது அந்தக் கோப்புகளைத்தான். தேவையான ஒன்று இல்லாமற்போனால் தரவுத்தளம் தொடங்கவே மறுக்கலாம். நமது பகுதியில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாதபோது அது விளையாட்டல்ல.

மேக்ஸ்_வால்_சைஸ் என்பது இறுக்கமான உச்சவரம்பு அன்று. ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மாற்றங்களை வாசிப்பவர் எதுவரை வாசித்தார் என்று போஸ்ட்கிரஸ் வைத்திருக்கும் குறி) ஒன்று பழைய கோப்புகளைக் கேட்டுப் பிடித்து வைத்திருந்தால், அந்த அளவைத் தாண்டியும் அவை தங்கிவிடும். ஆகவே பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் காட்சியைப் பார்த்து, ஸ்லாட் இயக்கத்தில் உள்ளதா, அதன் ரீஸ்டார்ட்_எல்எஸ்என் (எந்த இடத்திலிருந்து வால் கோப்புகள் அதற்குத் தேவை என்ற குறி) தற்போதைய நிலையிலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை எழுதுங்கள். அதே போஸ்ட்கிரஸில் வேறு தரவுத்தளங்கள் உள்ளனவா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கேட்டவர் (களுவாஞ்சிகுடி)

நன்றி ஐயா. ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இயக்கத்தில் இருப்பதாகவே காட்டுகிறது. ஆனால் ஏறத்தாழ 58 ஜிபி பின்தங்கியிருக்கிறது. வேறொரு தரவுத்தளமும் உண்டு. நெற்களஞ்சியங்களில் பொருத்திய உணரிகள் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் இரவு பகலாக அதில் எழுதிக்கொண்டிருக்கின்றன. அதை டெபீசியம் வாசிப்பதில்லை.

பதில் (சம்மாந்துறை)

காரணம் அதுதான். டெபீசியம் பயன்படுத்தும் வகையான லாஜிக்கல் ஸ்லாட் ஒவ்வொன்றும் ஒரேயொரு தரவுத்தளத்துக்கு உரியது. ஆனால் வால் கோப்புகள் அந்த போஸ்ட்கிரஸிலுள்ள எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானவை. அறுவடைக் காலத்தில் கொள்வனவு அட்டவணைகளில் இடைவிடாது மாற்றங்கள் வந்தன. அவற்றைப் பெற்ற டெபீசியம், "இதுவரை வாசித்துவிட்டேன்" என்று போஸ்ட்கிரஸுக்கு அறிவித்துக்கொண்டே வந்ததால் பழைய கோப்புகள் விடுபட்டன. இப்போது அந்த அட்டவணைகள் அமைதியாக உள்ளன. அறிவிப்பதற்கு இணைப்பிக்கு எதுவும் கிடைப்பதில்லை. களஞ்சியத் தரவுத்தளம் எழுதுவது மட்டும் நிற்பதில்லை. இணைப்பியில் பழுது இல்லாமலேயே வட்டு நிறைவது இதனால்தான். பிழைச் செய்தி வராததற்கும் இதுவே காரணம்.

இணைப்பி உயிருடன் இருப்பதால் ஸ்லாட்டை நீக்க வேண்டியதில்லை. கொள்வனவுத் தரவுத்தளத்தில் ஒரேயொரு வரிசை கொண்ட சிறிய அட்டவணையை உருவாக்கி, இணைப்பி பயன்படுத்தும் பயனருக்கு அதில் எழுதும் அனுமதி கொடுங்கள். பின்னர் டெபீசியம் அமைப்பில் ஹார்ட்பீட் (இணைப்பி குறித்த இடைவெளியில் தரும் துடிப்பு) இடைவெளியை 300000 மில்லிவினாடி, அதாவது ஐந்து நிமிடம் என வைத்து, ஹார்ட்பீட் ஆக்‌ஷன் குவெரியில் அந்த வரிசையின் நேரத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை எழுதுங்கள். பலர் இடைவெளியை மட்டும் அமைத்து, இந்தக் கட்டளையை விட்டுவிடுகிறார்கள். உங்களுடையதைப் போன்ற சூழலில் அது போதாது, ஏனெனில் அந்தத் தரவுத்தளத்திலேயே உண்மையான மாற்றம் ஒன்று நிகழ வேண்டும். இணைப்பி பயன்படுத்தும் பப்ளிகேஷனில் (எந்த அட்டவணைகளின் மாற்றங்களை வெளியிடுவது என்ற பட்டியலில்) அந்தச் சிறிய அட்டவணையையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மாற்றம் இணைப்பியை எட்டாது.

ஸ்லாட் முன்னேறிய பின் அடுத்த செக்பாயின்ட் (நினைவகத்திலுள்ள மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் கட்டம்) நடக்கும்போது பழைய கோப்புகளை போஸ்ட்கிரஸ் தானாகவே அகற்றும்.

பதில் (செங்கலடி)

மேலே சொன்னது முற்றிலும் சரி. பராமரிப்பு பற்றிச் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

தொடர்பு அறுந்து இணைப்பி நெடுநேரம் நின்றுவிட்டால் ஹார்ட்பீட்டும் நின்றுவிடும், வட்டு மீண்டும் நிறையும். அதற்காகவே போஸ்ட்கிரஸ் 13இலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது -1, அதாவது வரம்பே இல்லை. நீங்கள் 30 ஜிபி போன்ற அளவை வைக்கலாம். மறுதொடக்கம் தேவையில்லை, அமைப்புகளை மீள்வாசிக்கச் செய்தால் போதும். ஆனால் ஸ்லாட் முன்னேறி, பின்தங்கல் அந்த அளவுக்குக் கீழே வந்த பிறகுதான் இதை வையுங்கள். இன்றைய நிலையில் வைத்தால் ஸ்லாட் செல்லாததாகிவிடும்; பிறகு முழு நகலை முதலிலிருந்து எடுக்க நேரிடும். இந்த வரம்பு வேண்டியதில்லை என்று வாதிடுவோரும் உண்டு. என் கருத்தில், அறிக்கைத் தரவை மறுபடி ஏற்றுவது சிரமமே தவிர இழப்பல்ல. பிஜி_வால் இருக்கும் வட்டு முழுவதும் நிறைந்து போஸ்ட்கிரஸ் நின்றுபோனால், நெல்லோடு வந்த விவசாயி எடைத் துண்டு இல்லாமல் வாயிலில் காத்திருக்க வேண்டிவரும்.

காஃப்கா கனெக்டை வேறொரு கணினிக்கு மாற்றுவதையும் பரிசீலியுங்கள். அது ஜாவாவில் இயங்குவதால் நினைவகத்துக்காகத் தரவுத்தளத்தோடு போட்டியிடுகிறது. நினைவகம் தீரும்போது லினக்ஸ் போஸ்ட்கிரஸின் ஒரு செயன்முறையைக் கொன்றாலும், போஸ்ட்கிரஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்சியில் இறங்கும்.

14இலிருந்து புதிய பதிப்புக்கு மாறும் நாளில், லாஜிக்கல் ஸ்லாட்டுகள் பதிப்பை மாற்ற உதவும் பிஜி_அப்கிரேட் கருவி வழியாகக் கூடவே வருவதில்லை. பழைய பதிப்பு 17 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால்தான் அவை கொண்டுசெல்லப்படும். எனவே எழுதுவதை நிறுத்தி, எஞ்சிய மாற்றங்கள் அனைத்தும் அம்பாறையைச் சென்றடைந்ததை உறுதிசெய்த பின்பே மாற்றத்தைத் தொடங்குங்கள்.

கேட்டவர் (களுவாஞ்சிகுடி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹார்ட்பீட் அட்டவணையைப் பப்ளிகேஷனில் சேர்த்து இணைப்பியை மறுதொடக்கம் செய்ததும் பின்தங்கல் குறையத் தொடங்கியது. செக்பாயின்டுக்குப் பின் பிஜி_வால் 3 ஜிபிக்குள் வந்துவிட்டது. அதன் பிறகே 30 ஜிபி வரம்பையும் வைத்தேன். காஃப்கா கனெக்டுக்குத் தனிக் கணினி கேட்டு, சிறுபோக அறுவடைக்கு முன் கிடைக்கும்படி விண்ணப்பித்திருக்கிறோம். ஸ்லாட் 10 ஜிபிக்கு மேல் பின்தங்கினால் எங்கள் கணினிப் பிரிவினரின் தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி வரும்படி செய்திருக்கிறேன்.