கலைச்சொல் உதவி: ‘சர்நேம்’ – குடும்பப்பெயரா, குடிப்பெயரா?

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தேவாலயப் பங்கின் வரலாற்று மலருக்காக ‘பெர்னாண்டோ’ என்ற பெயரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘சர்நேம்’, ‘பேட்ரோநிமிக்’ (தந்தை பெயரிலிருந்து வரும் பெயர்) இரண்டும் முதல் வரியிலேயே வந்து மறிக்கின்றன.

‘பெர்னாண்டோ’வுக்கு ஜெர்மானிய வேர். பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதி பயணமா அமைதியா என்ற வழக்கு தீரவில்லை. விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரோடு ஐபீரியாவுக்கு (ஸ்பெயின், போர்ச்சுகல்) வந்த பெயர். போர்ச்சுகலை 1367 முதல் 1383 வரை ஆண்ட அரசரின் பெயரும் பெர்னாண்டோதான். அங்கே அது இயற்பெயர். பெர்னாண்டோவின் மகன் என்றால் ‘பெர்னாண்டஸ்’. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்ற பிறகு இரண்டுமே இங்கே ‘சர்நேம்’ ஆகிவிட்டன. வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

குடும்பப்பெயர் என்று போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கே பொருந்தவில்லை. அப்பாவின் ரேஷன் அட்டையில் பர்னாந்து, என் பாஸ்போர்ட்டில் பெர்னாண்டோ, தம்பியின் சான்றிதழில் இரண்டும் இல்லை, வெறும் இனிஷியல். ஒரே குடும்பம்தான்!

– தூத்துக்குடியிலிருந்து

அன்புள்ள அம்மா,

‘குடும்பப்பெயர்’ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. தொல்காப்பியர் பெயரியலில் ‘நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே’ என்று சொல்லை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். குடிப்பெயருக்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு மலையமான். வேறென்ன வேண்டும்?

– தஞ்சை

> குடிப்பெயர்

ஐயா, மன்னிக்கணும். விண்ணப்பத்தில் ‘உங்கள் குடிப்பெயர்?’ என்று கேட்டால் எங்கள் அலுவலகப் பையன்கள் பிராண்டு பெயரை எழுதுவார்கள்.

நான் மென்பொருள் தமிழாக்கம் செய்கிறவன். எங்களிடம் ‘கடைசிப்பெயர்’ என்று இருக்கிறது. அதுவும் தப்பு. சி.வி. ராமனுக்குக் கடைசியில் நிற்பது சொந்தப் பெயர். ‘சந்திரசேகர’ அப்பா பெயர். செஸ் ஆனந்தை உலகமே ‘விஷி’ என்று கூப்பிடுகிறது, அது அவர் அப்பா விஸ்வநாதனின் பெயர்! ‘குலப்பெயர்’ என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: சாதிப் பட்டத்தை விடுவோம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட நாடு இது. அப்புறம் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது?

– கோவை

வணக்கம். இஞ்ச இலங்கையில் பெர்னாண்டோ என்றால் பெரும்பாலும் சிங்களவர், அதோடு கரையோரத் தமிழரும். ஆகவே குலமும் இல்லை, குடியும் இல்லை. சிங்களவருக்கு அதற்கு முன்னால் ‘வாசகம’ என்று வேறொரு வம்சப்பெயர் இருக்கும். கிரிக்கெட் வீரர் தில்ஹார பெர்னாண்டோவின் முழுப்பெயர் கொங்கெனிகே ரந்தி தில்ஹார பெர்னாண்டோ. இன்னொரு வீரர் சமிந்த வாஸுக்கு வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த என்று ஐந்து முதலெழுத்துகள். (நீங்கள் இனிஷியல் என்பதை நாங்கள் முதலெழுத்து என்போம்.) இதில் எது ‘சர்நேம்’?

– நீர்கொழும்பு

பட்டமும் தந்தை பெயரும் முன்னால் வருவதுதான் தமிழ் மரபு. ‘சிறப்பின் ஆகிய பெயர்நிலைக் கிளவிக்கும் இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்’. பட்டத்தை முன்னால் வைத்து ஏனாதி நல்லுதடன் என்போமே தவிர நல்லுதடன் ஏனாதி என்னோம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தந்தை, பெயர். இன்றைய இனிஷியலின் வரிசை அப்படியே!

பேட்ரோநிமிக்குக்கும் விதி உண்டு. சாத்தன் மகன் கொற்றன் ‘சாத்தங்கொற்றன்’. ‘பெர்னாண்டஸ்’ செய்வதை ஓர் ‘அம்’ சாரியை (இரு சொற்களுக்கு இடையே வரும் அசை) செய்துவிடுகிறது. தலைகீழாகவும் உண்டு: ஆதன் தந்தை ‘ஆந்தை’, பூதன் தந்தை ‘பூந்தை’. பிசிராந்தையார் பறவை அல்லர், பிசிர் என்ற ஊரில் ஆதனின் தந்தை. மகனால் தந்தை பெயர்பெறும் இந்த வழக்குக்குத் தனிக் கலைச்சொல் வேண்டாமா? ‘மகன்வழிப்பெயர்’ என்று முன்மொழிகிறேன். இனி கண்ணந்தை, கொற்றந்தை…

– தஞ்சை

ஐயா, வெள்ளிக்கிழமை!

– கோவை

ஆந்தை அருமை ஐயா, ஆனால் எங்கள் மலரில் அவருக்கு இடமில்லை. பேட்ரோநிமிக்குக்கு ‘தந்தைவழிப்பெயர்’ என்று போட்டுவிட்டேன், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ‘சர்நேம்’ என்ற சொல்லின் வேரைப் பார்த்து ‘மேற்பெயர்’ என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். அழகுதான். பங்குத்தந்தையிடம் காட்டினேன், “மேலே எழுதுற பேரா?” என்று கேட்டார். சரி, குடும்பப்பெயரே இருக்கட்டும். மலரில் பர்னாந்து, பெர்னாண்டோ இரண்டு எழுத்துக்கூட்டலையும் விட்டுவைக்கிறேன், இல்லாவிட்டால் பாதி ஊர் கோபித்துக்கொள்ளும்.

– தூத்துக்குடி

எங்கள் படிவங்களில் ஏற்கெனவே அதுதான். எனக்குச் சம்மதம்.

– நீர்கொழும்பு

நாலு பேர் சொன்னால் சரி. ஆனால் என் இனிஷியல் என் தந்தையார் பெயர். என் மகனுடையது என் பெயர். பேரனுடையது என் மகன் பெயர். மூன்று தலைமுறைக்கு மூன்று எழுத்து. அந்தக் கட்டத்தில் நான் கோடு போட்டுவிட்டுத்தான் வருவேன்.

– தஞ்சை