பஞ்ச் கார்ட்டூனில் அயர்லாந்துக்காரனுக்கு ஏன் குரங்கு முகம்?

பழையதாள்:
1881-ல் ஜான் டெனியல், லண்டனின் நையாண்டி வார இதழான பஞ்ச் பத்திரிகையில் வரைந்த 'இரண்டு சக்திகள்' படம். வாளோடு பிரிட்டனைக் குறிக்கும் பெண் பிரிட்டானியா, அவள் மேல் சாய்ந்து அழுகிற, அயர்லாந்தைக் குறிக்கும் ஹைபர்னியா, எதிரே கையில் கல்லோடு குரங்கு முகத்தில் ஒருவன், தொப்பியில் 'அராஜகம்' என்று எழுதியிருக்கிறது. அழகியும் அயர்லாந்து, மிருகமும் அயர்லாந்து. எல்லாம் டார்வின் செய்த வேலைதானா?

மைப்புட்டி:
டார்வினுக்கும் பங்கு உண்டு, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அரசியல் தப்பித்துவிடும். 1879-ல் அயர்லாந்துக் குத்தகை விவசாயிகளின் இயக்கமான லேண்ட் லீக் தொடங்கியபோது விளைச்சல் பொய்த்து, குத்தகை பாக்கிக்காகக் குடும்பம் குடும்பமாக வீட்டைவிட்டு வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். மறுவருடம் மேற்கு அயர்லாந்தின் மேயோவில் கேப்டன் பாய்காட் என்ற எஸ்டேட் ஏஜென்டுக்கு உள்ளூரில் அறுவடைக்கு ஒருவரும் வரவில்லை, வடக்கே அல்ஸ்டரிலிருந்து சுமார் 50 பேரை ராணுவக் காவலோடு கூட்டிவந்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு 1881-ல் விசாரணையில்லாமல் சிறைவைக்க ஒரு சட்டம் போட்டது, அப்புறம் நியாயமான குத்தகையை நீதிமன்றமே நிர்ணயிக்க இன்னொரு சட்டம். அக்டோபரில் லீக்கின் தலைவர் பார்னெல் டப்ளினின் கில்மைனம் சிறைக்குப் போனார், லீக்குக்குத் தடை. இந்தப் படம் அதே மாதக் கடைசியில் வந்தது, பிரிட்டானியாவின் காலடியில் மிதிபடும் தாளைப் பாருங்கள், 'லேண்ட் லீக்' என்றிருக்கும். அழுகிற பெண்ணை எடுத்துவிட்டால் அது வெறும் அடக்குமுறைப் படம். அவள் இருப்பதால் அயர்லாந்தைக் காப்பாற்றுவது போல ஆகிவிடுகிறது!

கல்லச்சு:
சரிதான், ஆனால் பழி முழுவதையும் டெனியல் தலையில் போடாதீர்கள். வாராவாரம் வரும் பெரிய படத்துக்கான விஷயத்தைப் புதன்கிழமை விருந்தில் உட்கார்ந்து பஞ்ச் குழுவே பேசி முடிவு செய்யும், அவர் வரைந்து கொடுப்பார். அடுத்த வருடப் படம் இதைவிட மோசம். 1882 மே மாதம் டப்ளினில் ஃபீனிக்ஸ் பூங்காவில் அயர்லாந்து நிர்வாகத்தின் உயர் அதிகாரத்தில் இருந்த கேவண்டிஷ் பிரபுவும் பர்க்கும் குத்திக் கொல்லப்பட்டார்கள். செய்தது இன்வின்சிபிள்ஸ் என்ற ரகசியக் குழு, பார்னெல் வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனாலும் இரண்டே வாரத்தில் பஞ்ச், கத்தி ஏந்திய ராட்சதனை உருவாக்கிவிட்டுப் பயந்து ஒடுங்குகிற, நாவலில் வரும் விஞ்ஞானி ஃபிராங்கன்ஸ்டைனாகப் பார்னெலைப் போட்டது.

நீலமை:
லண்டன் படங்களை மட்டுமே பார்த்தால் அயர்லாந்துக்காரர்கள் வாய்மூடி வாங்கிக்கொண்டார்கள் என்று தோன்றும். டப்ளின் வீக்லி ஃப்ரீமன் கார்ட்டூன்களைத் தேடிப் பாருங்கள், குத்தகை விவசாயி அதில் லட்சணமான, கௌரவமான ஆள். 1885-ல் பஞ்ச், தூங்கும் ஹைபர்னியாவின் மேல் பார்னெல் முகம் கொண்ட வவ்வாலைப் பறக்கவிட்டு அதற்கு, லேண்ட் லீக்குக்குப் பின் வந்த கட்சியான 'நேஷனல் லீக்' என்று பெயர் எழுதியது. இரண்டே வாரத்தில் அயர்லாந்துப் பத்திரிகை ஒன்று அதே வவ்வாலைப் 'பிரிட்டிஷ் ஆட்சி' ஆக்கி, ஹைபர்னியா கையில் வாளைக் கொடுத்துத் திருப்பி அடித்தது. டெனியலின் எந்தப் படத்தைவிடவும் எனக்கு இந்தப் பதிலடிதான் பிடிக்கும்.